மாடு உரசாத வேலி

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டர் கேஜ் காலத்தில், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் மட்டும் இருந்த காலத்தில், பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் நடந்தவர். அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் என் மாதிரி ரயில் லேஅவுட், அதாவது பலகைமேல் நான் கட்டிய சின்ன ரயில் பாதையும் ஊரும், முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. போன வருஷம் பங்குனி மாதம் ஒரு சாயங்காலம் மாடிக்குக் கூட்டி வந்து ரயிலை ஓடவிட்டேன். வண்டி குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சிக்னல், பாயிண்ட், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்புறம் ஸ்டேஷனுக்குப் பின்னால் நான் போட்டிருந்த வேலியைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னடே, ஒரு மாடுகூட உரசாத வேலியால்லா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எட்டு மாதம் வேலியிலேயே போனது. இருந்ததை எல்லாம் பிடுங்கிவிட்டுத் திரும்பக் கட்டினேன். அதில் நான் கற்றுக்கொண்டதை, லேஅவுட் செய்கிறவர்களுக்கும் இனிமேல் செய்ய நினைக்கிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் லேஅவுட்டைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து மலை ஏறும் வழியில், தமிழ்நாட்டின் கடைசிச் சோதனைச் சாவடி உள்ள ஊர். கொல்லம் - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-இல் முழுதாகத் திறந்தது. புனலூர் - செங்கோட்டைப் பகுதியில் அந்தப் பழைய வண்டி 2010 செப்டம்பரோடு நின்றது. அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி ரயில் விட்டார்கள். நான் செய்துகொண்டிருப்பது அந்தப் பழைய மீட்டர் கேஜ். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலப் பலகை. இடது பாதி தமிழ்நாட்டுப் பகவதிபுரம், நடுவில் குகை, வலது பாதி கேரளத்து ஆரியங்காவும் அதற்கப்பால் கழுத்துருட்டிப் பாலமும். நிஜப் பாலத்துக்குப் பதிமூன்று கண். என் பலகையில் மூன்றுக்குத்தான் இடம். அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. ஆயிரம் மில்லிமீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். அதனால் 12 மில்லி தண்டவாளம். வண்டிக்கு முன்னால் ஒன்றும், மலை ஏற பின்னாலிருந்து தள்ள ஒன்றுமாக இரண்டு ஒய்டிஎம்4 டீசல் இன்ஜின்கள். உடம்பை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் நானே கட்டினேன்.

அண்ணாச்சி குறை சொன்ன வேலி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிளாஸ்டிக் வேலி. வெள்ளை மரச்சட்டம், ஒரே அளவு இடைவெளி, ஒரே உயரம். பொருளில் ஒரு குறையும் கிடையாது. அது பிறந்த நாட்டுப் பண்ணைவீட்டுக்கு அது பொருத்தமான வேலி. பகவதிபுரத்துச் செம்மண்ணில் அதை நட்டது என் தவறு. இன்ஜினுக்கு ஆறு மாதம் உழைத்தவன் வேலியைக் கவரைப் பிரித்து அப்படியே ஒட்டியிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு புளியரையிலிருந்து தென்மலை வரை பஸ்ஸில் போய், இறங்கி இறங்கி வேலி பார்த்தேன். தண்டவாளத்துக்கு அருகே போகவில்லை. ரோட்டோரம், தோப்போரம், ஸ்டேஷன் வாசல், இவ்வளவுதான். தேசிய நெடுஞ்சாலை 744 பல இடங்களில் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் அதுவே போதும். அன்று பார்த்தது என் லேஅவுட்டின் போக்கையே மாற்றிவிட்டது.

மலைக்கு இந்தப் பக்கம் வேலி என்றால் கல்லுக்கால். கருங்கல்லை ஆப்பு வைத்துப் பிளந்து எடுத்த கால், அதில் மூன்று வரிசை முள்கம்பி. கம்பி அறுந்த இடத்தில் உடைமுள்ளை வெட்டிச் சாத்தியிருப்பார்கள். சில இடத்தில் பனைமட்டை. குகையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் கல்லுக்கால் குறைந்துகொண்டே வருகிறது. அங்கே கையாலை. கல்லை அடுக்கி மண்ணை அணைத்த திட்டு, மேலே பாசி. அதன்மேல் சீமைக்கொன்றைக் கம்பை நட்டு வேலியே மரமாக வளர்ந்து நிற்கிறது. வீட்டுப் பக்கம் செம்பருத்தி. ஒரு கம்பைக் குத்தி வைத்தால் துளிர்க்கிற ஈரம் அங்கே இருக்கிறது. இங்கே நட்ட கம்பு காய்ந்துபோகும், அதனால் கல். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தானே. மாநில எல்லை போட்டது பிற்பாடு. வேலியைப் பிரித்தது மழை.

அப்படியானால் என் லேஅவுட்டில் குகைக்கு இடது பக்கம் எது, வலது பக்கம் எது என்று போர்டு வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலியைப் பார்த்தாலே ஊர் தெரிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

இனி அளவு. டேப்பில் எடுத்ததைச் சொல்கிறேன். கல்லுக்கால் தரைக்கு மேல் சுமார் நாலரை அடி, அதாவது 1370 மில்லி. 87-ஆல் வகுத்தால் 16 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. கால்களுக்கு நடுவே எட்டடி. அது 28 மில்லி. கல்லின் கனம் ஐந்து அங்குலம், ஒன்றரை மில்லி. ஐந்தரை அடி ஆள் இந்த அளவில் 19 மில்லி உயரம் நிற்பார். அந்த ஆள் பொம்மையை வேலிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே பாதித் தவறு தெரிந்துவிடும். வேலி அவர் தோளுக்கு வர வேண்டும். என் பழைய பிளாஸ்டிக் வேலி இடுப்புக்குத்தான் வந்தது.

கம்பியில்தான் கணக்கு கைவிடும். நிஜ முள்கம்பியின் ஒரு இழை இரண்டரை மில்லி என்று வையுங்கள். 87-ஆல் வகுத்தால் 0.03 மில்லிகூட இல்லை. மனிதத் தலைமுடி ஏறத்தாழ 0.07 மில்லி, அது இந்த அளவில் ஆறு மில்லிக் கம்பி! ஆகவே கம்பி கட்டாயம் தடிமனாகத்தான் இருக்கும். கண்ணை உறுத்தாத தடிமன் எது என்று தேடுவதுதான் வேலை. முதலில் வெள்ளைத் தையல் நூலுக்குக் கறுப்புச் சாயம் போட்டுக் கட்டினேன். நூலில் பிசிர் நிற்கும். தேன்மெழுகில் இழுத்தால் பிசிர் படியும், அது உண்மை. ஆனால் ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் முறுக்கு நூல் ஈரம் குடித்து இறுகி, ஒரு மூலையில் நாலு காலை உள்ளே இழுத்துச் சாய்த்துவிட்டது. நூலை அறுத்து எறிந்தேன்.

கடைசியில் கிடைத்தது மோட்டார் காயில் கட்டும் கடையில். 40-ஆம் நம்பர் காயில் கம்பி, 0.12 மில்லி. ஒரு சுருள் கேட்டதற்கு, மிச்சமிருந்த துண்டைச் சும்மாவே கொடுத்தார் கடைக்காரர். அதன் மேல் இனாமல் பூச்சு இருப்பதால் தவறித் தண்டவாளத்தில் பட்டாலும் அவ்வளவு சீக்கிரம் ஷார்ட் ஆகாது. பழுப்பு நிறம் துருவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும், பெயின்ட்கூட அதிகம் வேண்டாம். சுருளிலிருந்து வருவது நெளிநெளியாக இருக்கும். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறட்டால் மெதுவாக இழுங்கள். ஒரு கட்டத்தில் கம்பி லேசாக நீண்டுகொடுப்பது கைக்குத் தெரியும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கம்பி கோடு போட்ட மாதிரி நேராகிவிடும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும்.

கல்லுக்காலுக்கு முதலில் தீக்குச்சியைச் சீவினேன். இங்கே தீக்குச்சிக்கா பஞ்சம். ஆனால் அது மெத்தென்ற மரம். ஈரத்தில் உப்பும், துளை போட்டால் பிளக்கும். ஊதுபத்தி எரிந்து மிஞ்சுகிற மூங்கில் குச்சி இதற்கென்றே செய்தது போல் இருக்கிறது. கனம் ஒன்றே கால், ஒன்றரை மில்லி. வளையாது. பூஜை அறையில் ஒரு மாதம் சேர்த்தால் ஒரு ஸ்டேஷனுக்கு வேலி போடலாம். உருண்டையாக இருப்பதை உப்புத்தாளில் நாலு பக்கமும் தேய்த்துச் சதுரமாக்கினேன். ஒன்றுபோல் இல்லாமல், அடி கனத்து நுனி மெலிந்து, ஒரு பக்கம் சற்றுக் கோணலாக. நுனியைக் கத்தியால் வெட்டக் கூடாது. குறட்டால் கிள்ளி ஒடிக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு வைத்துப் பிளந்த கல் மாதிரி முனை கிடைக்கும். சாம்பல் நிற பெயின்டில் சலித்த சிமென்ட் தூள் ஒரு சிட்டிகை கலந்து பூசினால் மூங்கில் நார் மறைந்து கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். எல்லாக் காலுக்கும் ஒரே சாம்பல் வேண்டாம். நாலைந்து காலுக்குப் பழுப்பு, ஒன்றிரண்டுக்கு வெள்ளைத் திட்டு.

நடுவதற்கு முன்னால் இடைவெளியைப் பலகையில் அளக்காதீர்கள். ஒரு காகிதப் பட்டையில் 28 மில்லிக்கு ஒரு புள்ளி வைத்து, அதை வேலி வரும் பாதையில் வளைத்து ஊசியால் நிறுத்தி, புள்ளி புள்ளியாகக் குத்திவிட்டுப் பட்டையை எடுத்துவிடலாம். அப்புறம் பின்-வைஸ் என்ற சின்னக் கைத்துளைப்பானில் ஒரு மில்லி பிட் போட்டுத் துளை. என் மலை தெர்மாகோல் என்பதால் கால் ஆடியது. துளையில் ஃபெவிகால் நிரப்பி, காலை நட்டு ஒரு ராத்திரி தொடாமல் விட்டேன். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூவைத் தெர்மாகோலில் விட்டால் அது தெர்மாகோலையே தின்னும்; துளை கிணறாகிவிடும்.

சரிவில் நடும்போது நான் ஒரு பெரிய பிழை செய்தேன். மலைச் சரிவுக்குச் செங்குத்தாகக் கால்களை நட்டுவிட்டேன். கையில் குத்தும்போது இயல்பாக அப்படித்தான் வரும். தள்ளி நின்று பார்த்தால் சீப்பை விரித்து வைத்தது மாதிரி இருந்தது. நிஜத்தில் நிலம் எவ்வளவு சரிந்தாலும் நட்டவன் காலை நேராகத்தான் நிறுத்துவான். கம்பி மட்டும் நிலத்தோடு ஏறி இறங்கும். ஒரு நூலில் சின்ன நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு செய்து, அதைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு முப்பத்தேழு காலையும் பிடுங்கி மறுபடி நட்டேன். அந்த ஒரு திருத்தத்திலேயே மலைக்குக் கனம் வந்துவிட்டது.

அண்ணாச்சி இரண்டாம் தடவை வந்தது இந்தக் கட்டத்தில். கால்களைப் பார்த்துத் தலையசைத்தவர், மூலையில் விரலை வைத்து, "முட்டுக்கால் எங்கடே?" என்றார். எனக்கு அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை. கம்பியை முறுக்கி இழுக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் கடைசிக் காலுக்கு வரும். தாங்குவதற்கு ஒரு கல்லைச் சாய்வாக முட்டுக் கொடுத்திருப்பார்கள். மூலையில் கம்பி இரண்டு பக்கம் போவதால் இரண்டு முட்டு. வேலி நீளமாகப் போனால் நடுவிலும் இடைவெளி விட்டு முட்டுக் கொடுப்பார்கள். அடுத்த நாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், எங்கே பார்த்தாலும் முட்டுக்கால். பத்து வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறேன். என் லேஅவுட்டில் பதினோரு முட்டு வைத்தேன். வைத்த பிறகு, கம்பியில் உண்மையிலேயே இழுவிசை இருப்பது போல் கண்ணுக்குத் தெரிகிறது. நான் அதை ஒரு பலமும் இல்லாமல் லேசாகத்தான் கட்டியிருக்கிறேன்.

கம்பி கட்டியது என் அக்கா மகள். என் விரல் தடித்தது. அவளுக்கு நூல் மாதிரி விரல். ஒவ்வொரு காலிலும் ஒரு சுற்று, ஊசி முனையில் ஒரு பொட்டு சூப்பர் க்ளூ, அடுத்த கால். சாரல் நாளில் அந்தப் பசையைப் பயன்படுத்தினால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். காற்றில் ஈரம் கூடினால் பூப்பதும் கூடும். பொட்டு சின்னதாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஃபேன் ஓட வேண்டும். அப்படியும் பூத்துவிட்டால் மேலே மங்கலான வார்னிஷ் ஒரு கை பூசினால் மறையும். மூன்று வரிசையும் கட்டி முடித்து, "மாமா, அழகா இருக்குல்லா" என்றாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் மாடு உரசவில்லை.

உரசவைப்பது அப்புறம்தான். பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் மேல்கம்பியை இரண்டு இடத்தில் மெதுவாகக் கீழே அழுத்தினேன். காயில் கம்பி செம்பு என்பதால் அழுத்திய இடத்தில் அப்படியே நிற்கும். பத்துக் காலில் இரண்டைக் கொஞ்சம் சாய்த்தேன். எல்லாவற்றையும் சாய்த்தால் புயல் அடித்தது மாதிரி ஆகிவிடும். நடுவில் நேர்கால்கள் இருந்தால்தான் சாய்ந்தது சாய்ந்ததாகத் தெரியும். ஒரு காலை இடுப்பளவில் ஒடித்து, ஒடிந்த துண்டை அதன் அடியிலேயே கிடத்தி, அந்த இடத்தில் கம்பியைத் தொங்கவிட்டேன். கம்பி அறுந்த ஓர் இடைவெளியில் உடைமுள். அது காய்ந்த வேர்த்துணுக்கு. நிஜ உடைமுள்ளை இந்த அளவில் வைத்தால் ஒவ்வொரு முள்ளும் கடப்பாரை போல் இருக்கும். மாடு உரசுகிற உயரத்தில் கல்லில் லேசாக எண்ணெய்க் கறுப்பு தடவினேன். கால் அடியில் செம்மண்.

செம்மண் எங்கள் ஊர் மண்தான். துணியில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து எடுத்தேன். வறுக்காவிட்டால் மண்ணிலுள்ள பூச்சி முட்டையெல்லாம் லேஅவுட்டில் பொரியும். வறுத்த பிறகு காகிதத்தில் பரப்பி அதன் மேல் ஒரு காந்தத்தைப் பல தடவை ஓட்டுங்கள். கறுப்புக் கறுப்பாக எவ்வளவு இரும்புத் துகள் ஒட்டுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒருமுறை அவசரத்துக்கு ஸ்டேப்ளர் பின்னை நறுக்கி நடைமேடைக்குக் கிராதி செய்தேன். வெட்டுத் துணுக்கு ஒன்று பலகையில் விழுந்தது தெரியவில்லை. மறுநாள் இன்ஜின் அதைத் தாண்டும்போது மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. கரகரவென்று சத்தம், அப்புறம் புகை வாசம். கையால் கட்டிய இன்ஜினைப் பிரித்து ஆர்மேச்சரில் சிக்கிய இரண்டு மில்லி இரும்பை எடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மோட்டார் பிழைக்கவில்லை, வேறு போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இரும்பு, எஃகு எதையும் வெட்டுவதில்லை. வெட்டுவதெல்லாம் வேறு மேஜையில், தட்டுக்குள். வேலிக்குச் செம்பும் பித்தளையும் மூங்கிலும்தான். சாரல் ஊரில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும் வேகத்துக்கு அது வேறு ஒரு தொல்லை.

கேரளப் பக்கத்துக் கையாலையை விவரிக்க அதிகம் இல்லை. ஜல்லிப் பொடியைச் சல்லடையில் பிரித்து, பெரியதை அடியிலும் சிறியதை மேலேயும் வைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால் விட்டு அடுக்கினேன். சீமைக்கொன்றைக்குக் காய்ந்த துளசிக் கம்பு. துளசிச் செடி பட்டுப்போனால் எறிந்துவிடாதீர்கள். அதன் கிளைபிரிவு அப்படியே மரத்தின் சின்ன வடிவம். தழைக்காக வெட்டி வெட்டி விட்ட மரம் என்பதால் ஆள் உயரத்தில் மொட்டையாக நறுக்கி, நறுக்கிய தலையில் மட்டும் பச்சை ஒட்ட வேண்டும். அந்த மரங்களில் அடித்த கம்பியை, மரம் பருக்கும்போது பட்டை விழுங்கிவிடும். அதைக் காட்ட, கம்பி தண்டைத் தொடும் இடத்தில் ஒரு சொட்டுப் பசை விட்டு அதன் மேல் மரநிறம் பூசினேன். இலைக்கும் பாசிக்கும் முதலில் கொதித்த தேயிலைத் தூளைச் சாயம் போட்டு ஒட்டினேன். சரியாகக் காயவில்லை. ஆடி மாதம் ஒரு வாரம் அறையைப் பூட்டிவிட்டுத் திறந்தால் கையாலை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். சுரண்டி எடுத்துவிட்டு மரத்தூளுக்கு மாறினேன். தேயிலைதான் வேண்டும் என்றால் இரண்டு நாள் வெயிலில் போட்டு மொறுமொறுவென்று காய்ந்த பிறகே தொடுங்கள்.

பாலத்துக்கு வருகிறேன். அங்கே வேலியில்லை, குழாய்க் கிராதி. இதற்கு மட்டும் ஒழுங்கு முக்கியம். சாய்வு, தொய்வு ஒன்றும் கூடாது. அரை மில்லி பித்தளைக் கம்பி கால்களுக்கு, 0.4 மில்லி கம்பி இரண்டு வரிசைக்கு. உயரம் பதினொன்றரை மில்லி, அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர். தேக்குத் துண்டு ஒன்றில் வெட்டுக்கத்தியால் காடி போட்டு அச்சு செய்தேன்: கால்களுக்குக் குறுக்குக் காடி, கிடைக்கம்பிக்கு இரண்டு நெடுங்காடி. கம்பிகளை அதில் படுக்க வைத்தால் தானாகவே இடத்தில் நிற்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். சேரும் இடத்தை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தொட்டு, ஈயத்தைக் கம்பியில் வைக்காமல் அயர்ன் முனையில் கொஞ்சமாக எடுத்துத் தொட வேண்டும். தொட்டதும் ஈயம் ஓடி மறைந்தால் நல்ல இணைப்பு. உருண்டையாக நின்றால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த காலைப் பற்றவைக்கும்போது முந்தின கால் சூட்டில் கழன்றுவிடும். எனக்கு ஆறு தடவை கழன்றது. ஈரப் பஞ்சை முந்தின இணைப்பின் மேல் வைத்துவிட்டால் சூடு அங்கே போகாது. அப்புறம் கடைசி வரிசைவரை தடங்கல் இல்லை. முடிந்ததும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஃப்ளக்ஸ் மிஞ்சினால் எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டு மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்து பெயின்டைத் தூக்கிவிடும். அலுமினியப் பெயின்ட் அடித்துவிட்டு, அந்த மினுக்கம் போக மேலே சாம்பல் தூள் தொட்டேன்.

கிராதியை ஒட்டிய அன்றே வண்டி அதை இடித்துத் தள்ளியது. நேர்ப்பாதையில் வைத்துப் பார்த்த இடைவெளியை வளைவிலும் வைத்துவிட்டேன். கோச் நேராக இருக்கிறது, தண்டவாளம் வளைகிறது. ஆகவே கோச்சின் நடுப்பகுதி வளைவுக்கு உள்ளே துருத்தும், முனைகள் வெளியே துருத்தும். கணக்கு எளியது. கோச்சுக்கு அடியில் இருக்கும் இரண்டு சக்கரத் தொகுதிகளின் (போகி) மையத்துக்கு நடுவே உள்ள தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப் போல எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். என் கோச்சில் 160 மில்லி, வளைவின் ஆரம் 450 மில்லி. ஏழு மில்லிக்கு மேல் உள்ளே வருகிறது. அரைக் கோச் அகலம் 16 மில்லி. இரண்டையும் கூட்டினால் தண்டவாள மையத்திலிருந்து 23. அதற்கு மேல் நாலைந்து மில்லி விட்டால் நிம்மதி. கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் இருக்கிற கோச்சிலேயே நீளமானதன் நடுவிலும் இரண்டு முனையிலும் பென்சிலைக் கட்டி, கையால் ஒரு சுற்றுத் தள்ளுங்கள். கோடு விழுந்த இடத்துக்கு அப்பால்தான் கால் நட வேண்டும். நான் இரண்டையும் செய்தேன்.

இன்னொன்று, கை எட்டுவது. ரயில் தடம் புரளும், தண்டவாளம் துடைக்க வேண்டும், சட்டைக் கை வேலியில் மாட்டும். முன்விளிம்பில் இருக்கும் வேலியை நிரந்தரமாக ஒட்டினால் மாதத்துக்கு ஒரு தடவை ஒடியும். ஒரு சாண் நீள மெல்லிய பட்டையில் கால்களை நட்டு, பட்டைக்கு அடியில் இரண்டு குண்டூசி வைத்துத் தரையில் செருகும்படி செய்துவிட்டேன். பட்டையின் விளிம்பைச் செம்மண் மூடிவிடுகிறது. துடைக்கும் நாளில் உருவி வைத்துவிடலாம்.

லெவல் கிராசிங்கில் பழைய மாதிரி தள்ளித் திறக்கும் கேட், நடுவில் சிவப்பு வட்டத் தகடு. கேட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் வேலி ஓட வேண்டும், இல்லாவிட்டால் கேட்டைச் சுற்றிக்கொண்டு மாட்டுவண்டி போய்விடும். இந்த இடத்து வேலிக்குப் பழைய தண்டவாளத் துண்டுதான் கால். 'N ஸ்கேல்' என்ற இன்னும் சின்ன அளவு லேஅவுட்டுக்கு விற்கிற 1.4 மில்லி உயரத் தண்டவாளத்தை நறுக்கி நட்டேன். பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அளவுக்கு அது ஏறக்குறைய பொருந்துகிறது.

கார்த்திகையில் அண்ணாச்சியை மறுபடி கூப்பிட்டேன். குனிந்தார். முட்டுக்காலைத் தொடாமல் விரலால் எண்ணினார். ஒடிந்த காலைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம், "சந்து வைக்கலையா?" என்று கேட்டார். ஸ்டேஷனுக்குப் பின்னால் வேலியில் எப்போதும் ஒரு சந்து இருக்குமாம். கேங் ஆட்கள் கம்பி கட்டி அடைப்பார்கள். ஒரு வாரத்தில் மேல்கம்பி கீழேயும் நடுக்கம்பி மேலேயும் வளைந்து ஆள் நுழைகிற மாதிரி திறந்துவிடும். புல்லுக்குப் போகிற பொம்பளைகள், விறகு எடுக்கிறவர்கள், கடைசி நிமிஷத்தில் வண்டி பிடிக்க ஓடி வருகிறவர்கள். "எத்தனை தடவ கட்டினேன் தெரியுமா. எங்க அம்மாவே அதுவழியாத்தான் எனக்குச் சோறு கொண்டுவந்தா" என்றார்.

அவர் காட்டிய இடத்தில், பத்தொன்பதாவது காலுக்கும் இருபதாவது காலுக்கும் நடுவே, பல்குத்தும் குச்சியால் மேல்கம்பியை அழுத்தி, நடுக்கம்பியை மேலே தூக்கினேன். சந்துக்கு இரண்டு பக்கமும் விரல்நுனியால் செம்மண்ணைத் தேய்த்து, நடைமேடைவரை ஒரு ஒற்றையடிப் பாதை. அக்கா மகள் ஒரு பெண் பொம்மைக்குச் சேலை நிறம் மாற்றி, கையில் தூக்குச்சட்டி செய்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தூக்குச்சட்டி ஒன்றரை மில்லி உயரம். அதற்குக் கைப்பிடி வளைக்க 40-ஆம் நம்பர் கம்பியே தடிமனாக இருக்கிறதாம். இன்னும் மெல்லியது கிடைக்குமா என்று நாளைக்குக் காயில் கடையில் கேட்க வேண்டும்.